காம்தண்டும் காலமறிதலும்

நம் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். பழைய மாணவர் பலர் தம் ஆசிரியரையும் விடுதி வாழ்வையும் விளையாட்டிடத்தையும் பற்றி இனிது எழுதுவர். யாமோ இறக்கக்கண்டியில் லொறி எந்திரங்களோடு காலங் கழிப்பவர். எமக்குத் தெரிந்த பொருளையே எழுதுவது முறையெனக் கருதி, டீசல் எந்திரத்துக்குக் காம்தண்டு தெரிவு செய்தலைப் பற்றிச் சில கூற எண்ணினோம். தமிழில் அறிவியல் வளர வேண்டுமெனக் கலைச்சொற்களுக்காக உழைத்த விபுலாநந்த அடிகளின் தொடர்பு பெற்ற கல்லூரி நம்முடையது. ஆதலின் பட்டறைப் பொருள் மலருக்கு ஒவ்வாததென எவரும் எண்ணார் என்பது எம் துணிபு.

திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளியைக் கடந்து குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் செல்லும் வீதியில் உள்ளது இறக்கக்கண்டி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. களப்பின் குறுக்கே 2009ஆம் ஆண்டிற் புதிய பாலம் திறக்கப்பட்டது. இக்கரையில் ஏற்றப்படும் மீன், பனிக்கட்டியோடு கூலர் லொறிகளிற் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகப் பேலியகொடைச் சந்தைக்குச் செல்கின்றது. விடியுமுன் சந்தையை அடையாத மீன் விலை குன்றும். ஆகவே இவ்வூரில் லொறியின் வேகம் என்பது வீண்பெருமை அன்று. அது குடும்பத்தின் உணவு.

சென்ற வாடைக்காலத்தில், நம் கல்லூரியிற் பயின்ற இளைஞர் ஒருவர் தம் லொறியோடு எம்மிடம் வந்தார். டர்போ பூட்டிய ஆறு சிலிண்டர்க் கம்மின்ஸ் எந்திரம், 5.9 லீற்றர் கொள்ளளவு. சுமையோடு மேடேறும்போது அது தளர்ந்து, கரும்புகை கக்கிற்று. "ஐயா, வெளிநாட்டிலே இழுவைப் போட்டிக்குப் பூட்டும் பெரிய காம் ஒன்றை வருவிக்கப் போகிறேன். அதைப் போட்டால் வண்டி பறக்குமாம்" என்றார். அதற்கென மனைவியின் நகையை அடகு வைத்த பணம் கையில் இருந்தது. அந்தப் பணத்தை எண்ணியே யாம் விடை கூறுமுன் நெடிது சிந்தித்தோம்.

பட்டறையிற் 'காம் சாவ்ற்' எனப்படும் இத்தண்டில், முட்டை வடிவான புடைப்புகள் வரிசையாக உள்ளன. தண்டு சுழலுந்தோறும் புடைப்பு டப்பெற்றை உயர்த்த, அது தள்ளுகோல் வழியாக வால்வைத் திறக்கும். கிராங் தண்டு இருமுறை சுற்றினாற் காம்தண்டு ஒருமுறை சுற்றும். எந்திரம் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுகையில் ஒவ்வொரு வால்வும் 750 முறை திறந்து மூடும். எப்பொழுது திறப்பது, எவ்வளவு உயர்வது, எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்னும் மூன்றையும் ஆள்வது இப்புடைப்பின் உருவமே.

போட்டிக்கான காம், வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும். சுழற்சி மிகுந்த வேளையிற் காற்றோட்டத்தின் உந்துதலால் அது பயன் தரும். குறைந்த சுழற்சியிலோ, உள்வால்வு பிந்தி மூடுவதால், உட்புகுந்த காற்றின் ஒரு பகுதியை மேலெழும் பிஸ்ரன் திரும்ப வெளியே தள்ளிவிடும். டீசல் எந்திரத்துக்கு இது பெருங்கேடு. அதற்கு எரிபொறி இல்லை. ஏறத்தாழ 17 மடங்கு நெருக்கப்பட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறுவதனாலேயே எண்ணெய் தீப்பற்றுகின்றது. காற்றுக் குறைந்தால் நெருக்கமும் சூடும் குறையும்; புகை மிகும். மேலும் உள்வால்வும் வெளிவால்வும் ஒருங்கே திறந்திருக்கும் நேரம் நீண்டால், டர்போவின் முன் தேங்கிய புகையழுத்தம் உள்வழியிற் பின்னேறவும் கூடும். பிஸ்ரன் தலை மேலெல்லையில் மூடியை ஒட்டிச் செல்வதால், மிக உயரும் வால்வு அதனோடு மோதும் இடரும் உண்டு.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன 48, 49, 50ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. அரசர்க்குக் கூறப்பட்ட அம்மூன்றும் பட்டறைக்கும் பொருந்துமென யாம் பன்முறை உணர்ந்துள்ளோம்.

முதலில் இடன். இளைஞரின் லொறி பந்தயத் திடலில் ஓடுவதன்று. மீன் சுமந்து 1200 முதல் 2000 சுற்றுக்குள் நாள் முழுதும் உழைப்பது. அவருக்கு வேண்டியது அவ்வெல்லைக்குள் நன்கு இழுக்கும் காமே.

அடுத்து வலி. காம் எண்ணெயைத் தருவதில்லை. மூச்சை ஒழுங்கு செய்வது மட்டுமே அதன் தொழில். ஆகவே முதலிற் காற்று வடிகட்டியையும், டர்போக் குழாய்களின் கசிவையும், இன்ஜெக்டர்களையும் சோதித்தோம். வடிகட்டி அடைபட்டிருந்தது, குழாயொன்று கசிந்தது. இவ்விரண்டையும் சீர்செய்யப் புகையிற் பாதி நீங்கிற்று. பின்னர் வால்வு இடைவெளியை அளந்தோம். இவ்வெந்திரத்தில் உள்வால்வுக்கு 0.25 மில்லிமீற்றரும் வெளிவால்வுக்கு 0.51 மில்லிமீற்றரும் உரியன. ஒரு வெளிவால்வின் இடைவெளி, சரிசெய்த சில நாளிலேயே மீண்டும் அகன்றது. புடைப்புத் தேய்ந்தமைக்கு அதுவே அடையாளம். ஆதலின் காம்தண்டை மாற்றுவது தேவையாயிற்று. போட்டிக் காமைத் தவிர்த்து, சுமையிழுக்கும் லொறிக்கென வெட்டப்பட்ட, திறப்பு நேரம் சிறிதே மிகுந்த காமைத் தெரிந்தோம். விலையும் பாதிக்குக் குறைவு.

இனிக் காலம். இவ்வெந்திரத்தின் டப்பெற்கள் காளான் வடிவின. தண்டை உருவினால் எண்ணெய்த் தொட்டியில் வீழும். ஆகையால் மேலிருந்து மரக்கோல்களைச் செருகி அவற்றை உயர்த்திக் கட்டியபின்னரே தண்டை எடுத்தோம். கிராங் பற்சக்கரத்தின் குறியும் காம் பற்சக்கரத்தின் குறியும் நேர்பட வேண்டும். எண்ணெய்ப் பம்பையும் காம் பற்சக்கரமே ஓட்டுவதால், ஒரு பல் தவறினும் மூச்சும் எரிபொருளும் ஒருங்கே தடுமாறும்.

குறியை மட்டும் நம்பி விடுதலும் ஆகாது. கிராங்கிற் பாகை வட்டைப் பூட்டி, முதற் பிஸ்ரனின் உண்மையான மேலெல்லையைக் கண்டு, உள்வால்வின் டப்பெற்மேல் டயல் மானியை வைத்தோம். உச்சிக்கு இருபுறமும் ஒரே உயரம் காட்டும் பாகைகளைக் குறித்து அவற்றின் நடுவை எடுத்தோம். அது காமோடு வந்த அட்டை கூறியதைவிட இரண்டு பாகை பிந்தி நின்றது. சிறிது விலகிய சாவியொன்றை இட்டு அதனை நேர்செய்தோம். காமை முந்தச் செய்தால் உள்வால்வு பிஸ்ரனை மேலும் நெருங்குமாதலின், மேலெல்லையை அடுத்த பாகைகளில் வால்வை மெல்ல அழுத்தி, எஞ்சிய இடத்தையும் அளந்து துணிந்தோம். அளந்து முடிய ஒரு பகல் சென்றது. இளைஞர் பொறுமையிழந்தும் பேசாது நின்றார்.

புதிய காமுக்குப் புதிய டப்பெற்களே வேண்டும். பழையன அதனை அரித்துவிடும். இரண்டுக்கும் உரிய பசையைப் பூசி, எந்திரத்தை வீணே மெதுவாக ஓடவிடாது, முதல் அரைமணி நேரம் 1500 சுற்றுக்கு மேல் ஓட்டினோம். தெறிக்கும் எண்ணெய் புடைப்புகளை நனைப்பதற்கு அவ்வேகம் வேண்டும். பின்னர் எண்ணெயை மாற்றி, இடைவெளிகளை மீண்டும் பார்த்தோம்.

வாடை ஓய்ந்து கடல் அடங்கியதும் லொறி சுமையோடு புறப்பட்டது. அது பறக்கவில்லை. ஆயின் முன்னர் இரண்டாம் கியரில் ஏறிய மேட்டை மூன்றாம் கியரில் ஏறுகின்றதென அவர் வந்து சொன்னார். பனிக்கட்டி கரையுமுன் சந்தை சேர்கின்றது. மிஞ்சிய பணத்தால் நகையில் ஒரு பகுதி மீண்டுவிட்டது.

மாணவச் செல்வர்களே! எந்திரத் தொழிலிற் புகுவோர் உங்களுட் பலராவர். பெரிது கண்டு மயங்குதல் எளிது. உரியதை அளந்து தெரிதல் அரிது. இயற்பியல் வகுப்பிற் கற்ற அழுத்தமும் வெப்பமும் பாகையும் தேர்வுத்தாளோடு முடிவன அல்ல. இறக்கக்கண்டி வீதியில் ஒரு குடும்பத்தின் நகையை அவை காத்தன. அவ்வறிவை எமக்களித்த கல்லூரி நீடு வாழ்க!