தொட்டியின் நீளமும் மீனின் உரிமையும்

வீட்டில் மீன் வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் கடைக்குச் சென்று, கண்ணுக்கு அழகாய்த் தெரியும் தொட்டியையும் அதில் விடுவதற்கான மீனையும் ஒரே நாளில் வாங்கி வந்துவிடுகின்றனர். தொட்டியின் அளவும் வடிவமும் வரவேற்பறையின் அலங்காரத்தைப் பொறுத்தவை என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில், அந்த மீன் எத்தனை நாள் வாழும், எப்படி வாழும் என்பதில் அவ்விரண்டுக்கும் பெரும் பங்குண்டு. கடந்த ஆண்டு எங்கள் வீட்டுக்கு ஒரு தொட்டி தேவைப்பட்டபோது, அதைத் தேர்ந்தெடுக்க ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொண்டோம். அதில் நாங்கள் அறிந்துகொண்டவை, இதே எண்ணத்தில் இருக்கும் பிறருக்கும் பயன்படக்கூடும்.

தேவை எழுந்தது எங்கள் வாப்பாவுக்காக. 78 வயதில் இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியவர், நாளின் பெரும்பகுதியைக் கட்டிலிலேயே கழிக்க வேண்டியதாயிற்று. சென்னையில் மூன்றாம் மாடியில் வாடகை வீடு. அவருடைய அறையின் சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரியும். தொழுகை, ஓதுதல், பேத்தி கொண்டுவரும் பள்ளிக்கூடக் கதைகள் ஆகியவை போக, எஞ்சிய நேரமெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்தவாறே படுத்திருப்பார். மீன் வளர்க்கலாம் என்று முதலில் சொன்னவள் எட்டு வயதுப் பேத்திதான். அவள் மனத்தில் இருந்தது உருண்டையான கண்ணாடிக் கிண்ணமும் ஒரே ஒரு தங்கமீனும்.

வாப்பா ஒப்பவில்லை. "நான் இப்படி அடைந்து கிடப்பது போதாதா? எனக்கு வேடிக்கை காட்ட இன்னோர் உயிரையும் அடைக்க வேண்டுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்காமல் தொட்டி வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடியதும், அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவனிடம் பரிவோடு விசாரித்ததும் நாம் அறிந்தவையே. பறவை போன்றவற்றை வீட்டில் வளர்க்க அனுமதி உண்டு என்பதற்கு அறிஞர்கள் இந்நிகழ்வைச் சான்றாகக் காட்டுவர். அதே வேளையில், ஒரு பூனையை அடைத்து வைத்து, தானும் உணவளிக்காமல், அது தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையையும் நாம் அறிவோம். தொட்டிக்குள் இருக்கும் மீனின் நிலை ஏறக்குறைய அந்தப் பூனையின் நிலைதான். தன் உணவைத் தேடிக்கொள்ளவோ, நீர் கெட்டுப்போனால் வேறிடம் செல்லவோ அதனால் இயலாது. பசித்த பூனையாவது கத்தும். மீனுக்கு அதுவும் இல்லை. எனவே, நம் பொறுப்பில் வரும் அந்த உயிர் ஓர் அமானிதம். அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்பதிலிருந்தே அந்தப் பொறுப்பு தொடங்குகிறது.

முதலில் பேத்தியின் கிண்ணத்தை ஆராய்ந்தோம். 25 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் கிண்ணத்தில் வாய்வரை நிரப்பினாலும் 8 லிட்டருக்கு மேல் நீர் கொள்ளாது. மீன் சுவாசிக்கும் ஆக்சிஜனின் பெரும்பங்கு நீரின் மேற்பரப்பு வழியாகவே உள்ளே கலக்கிறது. கிண்ணத்தைப் பாதிவரை நிரப்பினால் மேற்பரப்பு சுமார் 490 சதுர செ.மீ. இருக்கும். 15 செ.மீ. அகலமுள்ள வாய்வரை நிரப்பினாலோ, அது சுமார் 175 சதுர செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். அதாவது, நீரை அதிகமாக்க அதிகமாக்க மூச்சுக்கான வழி குறைகிறது. போதாக்குறைக்கு, வெப்பம் ஏற ஏற நீர் தன்னுள் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜனும் குறையும். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவில் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. சென்னையின் கோடையில் 30 டிகிரி என்பது இரவு நேர வெப்பம்!

தங்கமீனும் நாம் நினைப்பது போலச் சிறு மீன் அன்று. நல்ல முறையில் வளர்ந்தால் ஒரு சாண் நீளத்தை எட்டும். பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். கிண்ணத்தில் அது சிறிதாகவே இருந்து சில மாதங்களில் இறந்துபோவதைப் பார்த்துப் பழகியதால், அதன் இயல்பே அதுதான் என்று நம்பிவிட்டோம். சீனத்தில் தங்கமீன்களை முதலில் வளர்த்தவர்கள் அவற்றைக் குளங்களிலும், பின்னர் அகன்ற வாயுடைய பீங்கான் தொட்டிகளிலும் விட்டு, மேலிருந்து பார்த்து மகிழ்ந்தனர். 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் ரோம் மாநகராட்சி, உருண்டைக் கிண்ணங்களில் மீன் வளர்ப்பதற்குத் தடையே விதித்தது. இதையெல்லாம் பேத்திக்கு விளக்கியபோது அவள் முகம் வாடியது. கிண்ணத்தின் குறுக்களவை அவளையே தரையில் சுண்ணக்கட்டியால் வரையச் சொல்லி, அருகிலேயே ஒரு சாண் நீள மீனையும் வரையச் சொன்னோம். வரைந்து முடித்தவள், "இது திரும்பவே முடியாதே" என்றாள்.

அடுத்து, விடுமுறை நாள் ஒன்றில், வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூருக்குச் சென்றோம். தெருவின் இருபுறமும் தொட்டிகள். எங்கள் அறை சிறியது என்றதும் கடைக்காரர், "பாய், இடம் குறைவு என்றால் உயரமான தொட்டி எடுங்கள், தரையில் ஓரடி போதும்" என்றார். அறையை மட்டும் கருத்தில் கொண்டால் அவர் சொன்னது சரியே. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தோம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ. அளவில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். அதையே நிமிர்த்தி வைத்தாற்போன்ற, 60 செ.மீ. உயரத் தொட்டியின் கொள்ளளவும் 54 லிட்டர்தான். ஆனால் முதலாவதில் நீரின் மேற்பரப்பு 1800 சதுர செ.மீ.; இரண்டாவதில் 900 மட்டுமே. மின்வெட்டின்போது காற்று பம்ப் நின்றுவிட்டால், மீனைக் காப்பாற்றுவது இந்த மேற்பரப்புதான்.

வேறு காரணங்களும் இருந்தன. பெரும்பாலான சிறு மீன்கள் பக்கவாட்டில் நீந்துபவை. மேலும் கீழுமாக நீந்துவது அவற்றின் வழக்கமன்று. நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது என்பதால், உயரம் கூடக் கூடக் கண்ணாடியின் கனமும் கூட வேண்டும். 60 செ.மீ. ஆழத்தின் அடியைத் துடைக்கத் தோள்வரை கையை நனைக்க வேண்டியிருக்கும். அறுகோணமும் உருளையும் பார்க்க அழகானவை. ஆனால் வளைவும் மூலைகளும் மீனின் உருவத்தைக் கோணலாக்கிக் காட்டும். பார்வை மங்கிய முதியவருக்கு நேரான கண்ணாடியே நல்லது.

அப்படியானால் இயன்றவரை பெரிதாக வாங்கிவிடலாமே என்று தோன்றும். நீர் அதிகமிருந்தால் வெப்பமும் கழிவின் செறிவும் மெதுவாகவே மாறும். ஆகவே புதிதாக வளர்ப்பவர்க்குப் பெரிய தொட்டியே எளிது என்பது மெய். ஆனால் 90 செ.மீ. நீளம், 38 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டியில் 150 லிட்டருக்கு மேல் நீர் பிடிக்கும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. கண்ணாடி, கூழாங்கல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். மூன்று ஆட்கள் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்பதற்கு ஒப்பான பாரம் அது. பிறருடைய வீட்டில், பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அதை ஏற்ற எங்களுக்கு மனம் இல்லை. 54 லிட்டர் தொட்டியோ எல்லாம் சேர்த்து 90 கிலோ அளவில் அடங்கும்.

தண்ணீரையும் கருதினோம். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். 54 லிட்டருக்கு அது 13 லிட்டர், ஒரு வாளிக்குள் அடங்குவது. லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு காத்திருந்த நாள்களை மறவாத எங்களுக்கு அந்த ஒரு வாளி என்ற கணக்கு ஆறுதலாக இருந்தது. வெளியேற்றும் நீரும் வீணாவதில்லை. மீன் கழிவிலிருந்து உண்டான நைட்ரேட் அதில் இருப்பதால், மாடியிலுள்ள கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரமாகிறது.

கடைசியாக, வாப்பாவின் கண்ணுக்கு ஏற்ற உயரம். தலையணையில் சாய்ந்திருக்கும்போது அவருடைய கண்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 75 செ.மீ. உயரத்தில் இருப்பதை அளவுநாடாவால் கண்டோம். 60 செ.மீ. உயரத் தாங்கியின் மேல் 30 செ.மீ. உயரத் தொட்டியை வைத்தால் அதன் நடுப்பகுதி சரியாக அந்த உயரத்தில் வரும். வெயில் நேராக விழாத சுவரோரம் இடம் பார்த்து, அடியில் தெர்மோகோல் விரித்துத் தொட்டியை வைத்தோம்.

மீன் உடனே வரவில்லை. மீன்கள் வெளியேற்றும் அம்மோனியா அவற்றுக்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவை மட்டும் நீரில் இட்டுக் காத்திருந்தோம். சோதனைத் துளிகள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று காட்ட ஐந்து வாரங்கள் பிடித்தன. அதுவரை வாப்பா வெறும் தண்ணீரையும் கூழாங்கற்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். "வருகிற விருந்தாளிக்கு வீடு கட்டி முடியட்டும்" என்று அவரே பேத்தியைச் சமாதானப்படுத்தினார்.

பிறகு ஆறு ஆண் கப்பிகள் வந்தன. நான்கு செ.மீ. நீளத்துக்குள் அடங்குபவை, எங்கள் பகுதியின் கடின நீரைத் தாங்குபவை, தலைமுறை தலைமுறையாகத் தொட்டிகளிலேயே பிறந்து வளர்ந்தவை. பெண் மீன்களையும் சேர்த்தால் மாதந்தோறும் குஞ்சுகள் பெருகி, அளந்து வாங்கிய இடமே போதாமற்போகும் என்பதால் அவற்றைத் தவிர்த்தோம். கடற்கரை ஊர்க்காரரான வாப்பா மீனைச் சட்டியில் பார்த்தே பழகியவர். முதல் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அஸருக்குப் பின், "இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், நின்று யோசித்துத் திரும்புகிறது. பரவாயில்லை, இடம் இருக்கிறது" என்றார். அவர் எழுப்பிய கேள்விக்கு அது முழு விடையன்று. அடைப்பு அடைப்புதான் என்பதை அவரும் அறிவார், நாங்களும் அறிவோம். ஆயினும் அடைத்த உயிருக்குச் சேர வேண்டியதைக் குறைக்கவில்லை என்ற அளவில் அவர் மனம் ஒப்பியது. உணவிடும் பொறுப்பைத் தாமே ஏற்று, இப்போது அதற்காகவே காலையில் வாக்கரைப் பிடித்து நான்கு எட்டு நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

தொட்டி வாங்க எண்ணும் சகோதர சகோதரிகளுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். எந்த மீன், அது முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம் வரும் என்பதை முதலில் கேட்டறியுங்கள். உயரத்தைவிட நீளமும் அகலமும் மிகுந்த, நேரான கண்ணாடித் தொட்டியைத் தேடுங்கள். தரை தாங்கும் எடை, வாரந்தோறும் உங்களால் சுமக்க இயலும் நீர் ஆகியவற்றை வீட்டிலேயே கணக்கிட்டு, அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். உங்கள் இடத்துக்கும் வசதிக்கும் 54 லிட்டர்கூட இயலாதெனில், இப்போதைக்கு மீன் வேண்டாம் என்று முடிவெடுப்பதிலும் நன்மை உண்டு. பிள்ளைகளுக்கு அதன் காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், அவர்கள் புரிந்துகொள்வார்கள்.