ட்வீட் நதிக் கரையில்

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் ட்வீட் என்று ஒரு நதி ஓடுகிறது. நம்மவர்களில் பெரும்பாலோர் அதைக் கோட்டுத் துணியின் பெயராகவே அறிவார்கள். 'ட்வீல்' என்று எழுதியிருந்ததை லண்டன் வியாபாரி ஒருவர் 'ட்வீட்' என்று படித்துவிட்டாராம்; அதனால் துணிக்கு நதியின் பெயர் வாய்த்தது என்று சொல்லுகிறார்கள். அந்தப் பெயர் தற்செயலாக வந்ததாக இருக்கலாம். ஆனால் தூண்டில் போடுகிறவர்களின் உலகத்தில் இந்த நதிக்கு உள்ள கியாதி தற்செயலானதன்று. மலையில் பிறந்து, சுமார் 156 கிலோமீட்டர் ஓடி, பெர்விக் என்னும் ஊரில் கடலோடு கலக்கும் இந்நதியில், சால்மன், டிரவுட் என்னும் இரண்டு ஜாதி மீன்களுக்காக உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் மனிதர்கள் வந்து இடுப்பளவு குளிர்ந்த நீரில் நிற்கிறார்கள்.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், கோடை விடுமுறையை ஒட்டி, அந்த நதிக் கரையில் உள்ள கெல்ஸோ என்னும் சிறு பட்டணத்தின் அருகே சில தினங்கள் தங்கியிருந்தேன். கெல்ஸோவில் டெவியட் என்னும் ஆறு ட்வீடோடு கலக்கிறது. நம் தேசமாயிருந்தால் அந்த இடத்துக்குக் கூடுதுறை என்று பெயர் வைத்து, கோவில் கட்டி, படித்துறையும் அமைத்திருப்போம். அவர்களும் சும்மா இருக்கவில்லை. 1128-இல் அங்கே ஒரு பெரிய மடாலயத்தை எழுப்பினார்கள். நானூறு வருஷங்களுக்குப் பிறகு ஆங்கிலப் படைகள் வந்து அதை இடித்தன. எஞ்சி நிற்கும் கோபுரமும் சுவர்களும் இன்றைக்கும் கம்பீரமாகவே காட்சியளிக்கின்றன. அங்கிருந்து பார்த்தால் 1803-இல் கட்டி முடித்த ஐந்து வளைவுப் பாலம் தெரிகிறது. சற்று வடக்கே போனால் எட்னம் என்னும் கிராமம். காந்தியடிகளுக்கு மிகப் பிரியமான 'அபைட் வித் மீ' என்னும் பிரார்த்தனைப் பாடலை இயற்றிய ஹென்றி பிரான்ஸிஸ் லைட் 1793-இல் பிறந்த ஊர் அது. எவ்வளவு தூரம் போனாலும் நம் மனம் நம்மவர்களின் சுவட்டைத் தேடுகிறதல்லவா?

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது மடாலயத்தைப் பற்றியோ பாலத்தைப் பற்றியோ அல்ல. ஓர் ஈயைப் பற்றி.

பொய் ஈ

நம் ஊர் ஏரிக் கரையில் பையன்கள் மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போடுவதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். ட்வீட் நதிக்காரர்களுக்கு அது இரண்டாந்தரமான வித்தை. டிரவுட் மீன் நீர்ப்பரப்பில் வந்து இறங்கும் ஈக்களை எழும்பிப் பிடித்துத் தின்னும். ஆகவே, தூண்டில் முள்ளின்மேல் பட்டு நூலையும், பறவை இறகையும், மெல்லிய பொன்னிறக் கம்பியையும் சுற்றி, மீனே ஏமாறும்படி ஒரு பொய் ஈயைச் செய்கிறார்கள். முள்ளின் நீளம் ஒரு நெல்மணியைவிடச் சற்று அதிகம் இருக்கும்; அவ்வளவுதான். அதில் உடல், இறக்கை, கால், தலை எல்லாம் அமைய வேண்டும். இதற்கு 'ஈக் கட்டுதல்' என்று பெயர். முள்ளைப் பிடித்துக்கொள்ள நம் பட்டறைகளில் 'வைஸ்' என்கிறார்களே, அதைப் போன்ற ஒரு குட்டிச் சாதனம் மேஜை விளிம்பில் பொருத்தப்பட்டிருக்கும். மற்றதெல்லாம் விரல்களின் வேலை.

கெல்ஸோவிலிருந்து இரண்டு மைல் தூரத்தில் ஸ்பிரௌஸ்டன் என்னும் கிராமம் இருக்கிறது. அங்கே ஜேம்ஸ் ரைட் என்று ஒரு தொழிலாளி இருந்தார். ஈக் கட்டுவதில் நிகரற்றவர். 1854-ஆம் வருஷம் மே மாதத்தில், டர்ஹாமைச் சேர்ந்த வில்லியம் கிரீன்வெல் என்னும் பாதிரியார் அவ்வூரில் தூண்டில் போட்டார். பழைய சமாதி மேடுகளைத் தோண்டி ஆராய்ச்சி செய்து பின்னால் புகழ் பெற்றவர் இவர்தான். அன்று அவருக்கு மீன் அகப்படவில்லை. மீன்களோ வேறு ஏதோ ஒரு ஈயை ஆவலோடு தின்றுகொண்டிருந்தன. பாதிரியார் அந்த ஈக்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய் ரைட்டிடம் கொடுத்து, இதைப் போல் ஒன்று கட்டித் தர வேண்டும் என்று கேட்டார். ரைட் கட்டிக் கொடுத்தார். மறுநாள் கூடை நிறைந்தது. அன்றிரவு விருந்தில் அந்த ஈக்கு நாமகரணம் நடந்தது. 'கிரீன்வெல்ஸ் குளோரி', அதாவது கிரீன்வெல்லின் கீர்த்தி என்று பெயர் வைத்தவர் அவ்வூர்ப் பள்ளிக்கூட உபாத்தியாயராம். எங்கள் ஜாதிக்காரர் ஒருவருக்கு அந்தச் சரித்திரத்தில் இடம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆயினும், கட்டிய கைக்குரியவரின் பெயரை விட்டுவிட்டுக் கட்டச் சொன்னவரின் பெயரை அவர் வைத்தது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. பட்டுப் புடவைக்குக் கடைக்காரர் பெயரைச் சொல்லி, நெய்தவர் பெயரைக் கேட்காமல் விடும் நாம் அதிகமாகக் குறை சொல்லவும் முடியாது.

தகரப் பெட்டி

நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் நாற்பது வருஷம் அந்த நதியில் படகுக்காரராக இருந்தவர். சால்மன் பிடிக்க வருகிற கனவான்களைப் படகில் ஏற்றி, எந்த மடுவில் எந்த ஈயைப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது அவர் தொழில். அவர் கட்டிய ஈக்களுக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர். இப்பொழுது அவருக்குக் கை நடுக்கம். ஐந்து வருஷமாக அவர் வைஸின் முன்னால் உட்காரவில்லை. அவருடைய மகள், ரொட்டிக் கடையில் வேலை செய்யும் இருபது வயதுப் பெண், முந்திய குளிர்காலத்தில்தான் தகப்பனாரின் பெட்டியைத் திறந்து, தானாகவே ஈக் கட்டப் பழகத் தொடங்கியிருந்தாள்.

அந்தத் தகரப் பெட்டியை அவள் எனக்குக் காட்டினாள். அடியில், பழுப்பேறிய காகிதத்தில் சுற்றி, ஒரு பறவையின் கழுத்துத் தோல் இருந்தது. அதன் இறகுகளின் நுனியில், மெழுகைச் சொட்டினாற்போல் மஞ்சளும் வெண்மையுமான பளபளப்புப் புள்ளிகள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விடியற்காலையில் கூவும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்தல்லவா அது!

சால்மன் ஈக்களில் மிகப் பிரசித்தமான 'ஜாக் ஸ்காட்' என்பதற்கு இந்த இறகு இல்லாமல் முடியாது. (நல்ல வேளை, இதற்கு மட்டும் எஜமானர் பெயரன்றி, அதைக் கட்டிய வேலைக்காரரின் பெயரே நிலைத்திருக்கிறது.) இதற்காக நம் மலைகளிலிருந்து காட்டுக்கோழித் தோல்கள் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. 1902-இல் இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி செய்வது தடுக்கப்பட்டது. 1921-இல் பிரிட்டனும் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் செய்தது. இன்றைக்கு நம் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் அந்தப் பறவையைக் காப்பாற்றுகிறது. ஈக் கட்டுகிறவர்கள் பண்ணைகளில் வளர்த்த கோழிகளின் இறகை வாங்குகிறார்கள். நம் மலையின் இறகு அங்கே போனது போல, டிரவுட் மீன் இங்கே வந்தது. 1863-இல் பிரான்ஸிஸ் டே என்பவர் நீலகிரிக்கு அதைக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு வில்ஸன் என்பவர் முயன்று வெற்றி பெற, 1907-இல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. கொடுக்கல் வாங்கலில் காட்டுக்கோழியை யாரும் சம்மதம் கேட்கவில்லை.

போட்டி விண்ணப்பம்

அந்த வாரக் கடைசியில், பக்கத்துக் கிராமத்துப் பொது மண்டபத்தில் ஈக் கட்டும் போட்டி ஒன்று நடப்பதாயிருந்தது. புதியவர்களுக்குத் தனிப் பிரிவு. அரை மணி நேரத்தில், எல்லோரும் பார்த்திருக்க, மூன்று கிரீன்வெல் ஈக்களைக் கட்ட வேண்டும். மூன்றும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். விண்ணப்பத் தாள் மூன்று நாட்களாகக் கையெழுத்தில்லாமல் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது.

இருபது வருஷமாகப் பரீக்ஷை மண்டபங்களில் நின்ற எனக்கு, அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த பயம் மிகவும் பழக்கமானது. ஒன்றும் படிக்காத பையன் பரீக்ஷைக்குச் சிரித்துக்கொண்டு வருவான். நன்றாகப் படித்த பையனுக்குத்தான் வயிற்றைக் கலக்கும். எது சரி என்று தெரிந்துகொண்ட அளவுக்குத்தானே எது தவறு என்பதும் தெரியும்? அவள் இரவெல்லாம் ஈ கட்டினாள். கட்டியதை உடனே பிளேடினால் அறுத்து முள்ளை வெறுமையாக்கினாள். நடுவில் கைப்பேசியை எடுத்து, உலகத்தின் எந்த மூலையிலோ உள்ள நிபுணர்கள் கட்டிய ஈக்களின் படங்களை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதைவிடப் பெரிய தீங்கை அவள் தனக்குச் செய்துகொண்டிருக்க முடியாது.

"பெரிய சால்மன் ஈயாக இருந்தால் பயமில்லை, ஸார்" என்றாள் என்னிடம். "நிறைய வர்ணம், நிறைய இறகு. ஒரு குறையை இன்னொன்று மறைத்துவிடும். கிரீன்வெல்லில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை."

அவள் சொன்னது உண்மை. மஞ்சள் பட்டு நூலைச் சக்கிலி மெழுகில் இழுத்தால் அது ஒலிவக்காயின் பச்சையை அடையும். அதுவே உடல். அதன்மேல் பொன்னிறக் கம்பி சீரான இடைவெளியில் நாலைந்து சுற்று. நடுவில் கறுத்து ஓரத்தில் செம்பட்டையான சேவல் இறகு ஒரு சுற்று, அது கால். இறக்கைக்கு ஆதியில் கரும்பறவையின் சிறகு. இப்பொழுது வாத்தின் சிறகு. இவ்வளவுதான் சாமான்கள். ஆகையால் ஒரு சுற்று அதிகமானாலும் கண்ணில் படும். புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு, தலைக்கு இடம் விடாமல் முள்ளின் கண் வரைக்கும் சுற்றி அடைத்துவிடுவது.

உண்மையான பயம் என்னவென்று அவள் கடைசி நாள் இரவுதான் சொன்னாள். "நன்றாக அமையாவிட்டால் யாரும் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஸார். 'அப்பா கை அப்பாவோடு போயிற்று' என்று சொல்லுவார்கள். அவர் அங்கேயே உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டியிருக்கும்."

கிழவர் அடுப்பங்கரையில் இருந்தார். அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். காலையில் பார்த்தபோது விண்ணப்பத்தில் அவள் கையெழுத்து இருந்தது.

அரை மணி நேரம்

மண்டபத்தில் சுமார் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். புதியவர் பிரிவில் ஆறு பேர். பதினான்கு வயதுப் பையன் முதல் தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர் வரை ஆறு பேருக்கும் ஒரே முகம்! வெளியே மழை, உள்ளே குளிர். சக்கிலி மெழுகுக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ந்தால் கல்லாகிவிடும், நூலை அறுக்கும். கை வெதுவெதுப்பாக இருந்தால்தான் அது இளகும். பயந்தவர்களின் கை வெதுவெதுப்பாகவா இருக்கும்? அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்ததை நான் பின் வரிசையிலிருந்தே கண்டேன்.

மணி அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. என் பக்கத்தில் இருந்த கிழவர் எழுந்தார். காலைமுதல் அவர் வலக்கை மூடியே இருந்ததை நான் கவனித்திருந்தேன். நடுக்கத்தை மறைக்கிறார் என்று எண்ணினேன். அவர் மெல்ல நடந்து சென்று, மகளுக்கு முன்னால் கையைத் திறந்தார். உள்ளங்கையில் ஒரு சிறு உருண்டை மெழுகு. நன்றாக இளகியிருந்தது. அவளுடைய கெட்டி மெழுகை எடுத்துக்கொண்டு, அதை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பிறகு நடந்ததில் விசேஷம் எதுவும் இல்லை, அதுவே விசேஷம். முதல் நூல் ஓடுகிற வரைக்கும் அவள் தோள்கள் உயர்ந்திருந்தன. நூல் ஓடியதும் தோள்கள் இறங்கின. அப்புறம் அவள் எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை.

நடுவராக வந்திருந்த முதிய அம்மையார் பூதக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஈயையும் வெகு நேரம் பார்த்தார். பரிசு தபால்காரருக்குப் போயிற்று. தகுதியும் அவருக்கே இருந்தது. அந்தப் பெண்ணின் மூன்றாவது ஈயில் தலை நெருக்கமாகிவிட்டது. இறக்கை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் அம்மையார் இரண்டாவது ஈயை மறுபடியும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இந்த உடலின் வர்ணத்தை எங்கே கற்றுக்கொண்டாய்? இப்பொழுது யாரும் இப்படிக் கொண்டுவருவதில்லை" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் பின் வரிசையைப் பார்த்தாள். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கிழவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் தேசத்திலும் போட்டிகளுக்குக் குறைவில்லை. மார்கழியில் கோலப் போட்டி, நவராத்திரியில் பாட்டுப் போட்டி, பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டி. குழந்தை வீட்டுக்குத் திரும்பியதும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "என்ன பரிசு?" என்பதுதான். ஆறு பேரில் ஐந்து பேருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கைவேலை எதுவும் தலைமுறை தாண்டி நிலைப்பது பரிசு பெற்ற ஒருவரால் மட்டுமல்ல. வயிற்றைக் கலக்கினாலும் தம் வேலையைப் பிறர் பார்வைக்கு மேஜைமேல் வைக்கத் துணிந்த மற்ற ஐவராலும்தான். அவர்கள் அருகில் நிற்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உபதேசத்தை நிறுத்திக்கொண்டு, கொஞ்சம் மெழுகைக் கையில் வைத்து இளக்கிக் கொடுத்தால் போதும்.