கங்காணி வேடம்

தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு ஆட்டக்காரரைத் தெரிவுசெய்யும் நாளில் ஆண்டுதோறும் ஒரே காட்சியைக் காணலாம். ரதிக்கும் மன்மதனுக்கும் இளைஞர்களை வற்புறுத்திச் சம்மதிக்கச் செய்யவேண்டியிருக்கும். பாடல்கள் நெடியவை, ரதியோ பெண் வேடம். எமனுக்கும் வீரபத்திரனுக்கும் அந்தத் தொல்லை இல்லை. ஓர் இடத்துக்கு நால்வர் முன்வருவர். ஆண்டு முழுவதும் பிரட்டுக்களத்தில் தலை குனிந்து நின்றவன், ஓர் இரவேனும் ஊரே அஞ்சும் உருவில் நிற்க விரும்புவது வியப்பன்று. அந்த விருப்பத்துக்கு இடமளித்த கூத்து, அதற்கு வரம்பும் கட்டிவைத்தது. அவ்வரம்பு எத்தகையது என்பதை அத்தோட்டத்து இளைஞர் சிலர் அண்மையில், கூத்துக்கு முற்றிலும் புறம்பான வேறோர் ஆட்டத்தின் வாயிலாகவே அறிய நேர்ந்தது.

அவ்வாட்டத்துக்கு மேடையும் இல்லை, ஒப்பனையும் இல்லை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதை நிகழும் உலகை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகி, அப்பாத்திரம் என்ன செய்கிறது என்பதைச் சொல்வர். முயற்சி கைகூடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஒரு கதை பல மாதங்கள் தொடர்வதும் உண்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் ட்ரகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கு மூலமாயிற்று. பாத்திரங்களை நல்லோர், தீயோர், இடைப்பட்டோர் எனப் பகுக்கும் முறையும் அவ்வாட்டத்தில் விரைவிலேயே இடம்பெற்றது. தீயோனாக ஆடும் ஆசை இதற்கும் முந்தியது. ஆர்னிசன் தம் நண்பர்களுடன் நடத்திய தொடக்க ஆட்டத்திலேயே ஒருவர் இரத்தம் குடிக்கும் பேயாக மாறி, எவராலும் அடக்கமுடியாத வலிமை பெற்றுவிட்டார். அவரை எதிர்கொள்வதற்கென்றே பூசகர் என்றொரு பாத்திர வகையைப் புதிதாகப் படைக்க நேர்ந்தது. 1980களில் இவ்வாட்டம் இளைஞரைத் தீநெறியில் செலுத்துகிறது என்று அந்நாட்டுச் சமயக் குழுக்கள் சில கிளர்ச்சி செய்தமையும் வரலாறு.

தலவாக்கலைக்கு இவ்வாட்டத்தைக் கொண்டுவந்தவன் பேராதனையில் கலைப்பீடத்தில் பயிலும் மாணவன் ஒருவன். விடுமுறைக்கு வந்தவன் சனிக்கிழமை இரவுகளில் லயத்துக் கடைசிக் காம்பராவில் நண்பர் நால்வரைக் கூட்டினான். ஒருவன் ஓட்டோ ஓட்டுபவன். இன்னொருவன் சிறுகடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றுக்காகத் தோட்டந்தோறும் சென்று தவணைப் பணம் திரட்டுபவன். மூன்றாமவன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். நான்காமவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவன். அவனது தாய் கொழுந்து பறிப்பவர். ஆட்டத்துக்குரிய இருபது முகப் பகடை அங்கே கிடைக்கவில்லை. ஒன்று முதல் இருபது வரை எண்ணிட்ட துண்டுக் காகிதங்களைப் பால்மா டின்னில் இட்டுக் குலுக்கி எடுத்தார்கள்.

மாணவன் கோட்டையும் பறவைநாகமும் நிறைந்த ஓர் உலகைத் தீட்டி வந்திருந்தான். நண்பர்களுக்கு அது சுவைக்கவில்லை. "நம்ம மலையில நடக்குற மாதிரி வை மச்சான்" என்றார்கள். ஆகவே 1900ஆம் ஆண்டளவிலான தோட்டமொன்று களமாயிற்று. கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றிவிட்ட காலம். 1885இல் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதை தலவாக்கலையைக் கடந்து ஓடிக்கொண்டிருந்த காலம். பாத்திரங்களைத் தெரிவுசெய்யும் கட்டம் வந்தது. ஓட்டோக்காரன் பெரிய கங்காணியானான். தவணை திரட்டுபவன் கணக்கப்பிள்ளையானான். தொழிற்சாலைக்காரன் சில்லறைக் கங்காணியானான். நான்காமவன் மட்டும் தப்பு அடிக்கும் தொழிலாளி ஒருவனைத் தெரிந்துகொண்டான். எவரிடமிருந்து தங்கள் பாட்டன்மார் ஒளிந்து ஓடினார்களோ, அவர்களின் வேடத்தையே நால்வரில் மூவர் விரும்பி எடுத்துக்கொண்டார்கள்.

அக்காலக் கங்காணியின் அதிகாரம் கடனில் நின்றது. அவர் தமிழகத்துக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டுவார். வழிச்செலவும் உணவும் அக்கணக்கில் ஏறும். தேயிலைச் செடியைத் தொடுமுன்பே தொழிலாளி கடன்காரனாகிவிடுவான். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்குச் சில சதம் கங்காணிக்குக் கிடைத்தது. தொழிலாளர் கூட்டம் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகவேண்டுமாயின், அதன் கடன் தொகையைக் குறிக்கும் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்து ஆட்களைப் பெறும். மனிதர்கள் கடன் தொகையாகக் கைமாறிய இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் மாணவன் படித்துக் குறித்து வந்திருந்தான். ஆட்டத்துக்கு ஒரு கணக்குப் புத்தகமும் ஏற்படுத்தி, கணக்கப்பிள்ளையின் பொறுப்பில் விட்டான்.

முதல் மூன்று வாரங்களும் பெருஞ்சிரிப்பாகக் கழிந்தன. தொடக்கத்தில் ஒரே ஓர் இடர்ப்பாடுதான் தோன்றியது. தீயோர் மூவர் ஓரிடத்தில் கூடினால் ஒருவரையொருவர் கவிழ்க்கவே முயல்வர். சில்லறைக் கங்காணி பெரிய கங்காணியின் பெட்டியை உடைக்கப் பார்த்தான். கணக்கப்பிள்ளை இருவரையும் துரையிடம் காட்டிக்கொடுக்க முனைந்தான். மாணவன் இதற்கொரு வழி கண்டான். மூவரையும் ஒரே செட்டியாருக்குக் கடன்பட்டவர்களாக்கினான். ஒருவன் வீழ்ந்தால் மற்ற இருவரும் வீழ்வர் என்றானதும் அவர்களுக்குள் ஒற்றுமை பிறந்தது. நட்பால் ஒன்றுபடாதோரை அச்சம் ஒன்றுபடுத்தியது. கதை விறுவிறுப்பாக நகர்ந்தது. அரைப்பேர் போடுவதிலும் அரிசியில் நிறை குறைப்பதிலும் மூவரும் காட்டிய திறமை மாணவனையே திகைக்கவைத்தது. கணக்கப்பிள்ளையாக ஆடியவன் வாரந்தோறும் கணக்குப் புத்தகத்தில் புதுப்புதுச் செலவுகளை எழுதிச் சேர்த்தான்.

நான்காம் வாரம் மழை கடுமையாக இருந்தது. ஆட்டத்தில் காய்ச்சல் பரவியது. ஒரு தொழிலாளிக்காக எடுத்த சீட்டில் மூன்று என்னும் எண் விழுந்தது, அவன் இறந்தான். புத்தகத்தில் அவன் பெயரில் நாற்பது ரூபாய் கடன் இருந்தது.

"செத்தவன் கடன மகன் பேருல எழுதிக்க" என்றான் கணக்கப்பிள்ளை.

"மகனுக்குப் பத்து வயசு" என்றான் மாணவன்.

"பத்து வயசுன்னா கொழுந்துப் பைய தூக்க மாட்டானா?"

"அவன் பேரு என்னான்னு எழுதப் போற?"

"பேரெதுக்கு மச்சான்? அந்தப் பயன்னு போடு."

மூவரும் சிரித்தார்கள். நான்காமவன் பால்மா டின்னை மூடினான். "எங்கம்மா குழுவுல ஒரு அக்கா கட்ட முடியாம ஓடிப்போச்சு" என்றான். "அந்தக் காச மிச்சம் இருந்த பொம்பளைங்க பங்கு போட்டுக் கட்டுனாங்க. எங்கம்மா தோட்ட வித்துக் கட்டுச்சு. அன்னைக்குச் சீட்டு எழுதுனவனும் ஒன்னய மாதிரி ஒருத்தன்தான் மச்சான்." பிறகு மழையைப் பொருட்படுத்தாது இறங்கிப் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் நடைபெறவில்லை.

மாணவன் பலவாறு சிந்தித்தான். தீயோரைத் தண்டிப்பது எளிது. ஒரு மண்சரிவை வரவழைத்தோ, துரையின் சினத்தைக் கிளப்பியோ மூவரையும் ஒரே இரவில் ஒழித்துவிடலாம். ஆனால் அத்தண்டனை தன் கைச்சரக்கு என்பதை அவர்கள் அறிவர். நடத்துபவனுக்கு வலிமை அதிகம் என்பதையன்றி வேறொன்றையும் அவர்கள் அதிலிருந்து கற்கமாட்டார்கள். அவனும் இன்னொரு கங்காணியாகவே தோன்றுவான். தீய வேடமே கூடாது என்று விலக்கிவிடலாம். அப்படியாயின், கடன் எவ்வாறு மனிதனை விழுங்குகிறது என்பதைக் காட்டும் கதையும் இல்லாமற் போகும். தன் குறிப்பேட்டைத் திரும்ப வாசித்தபோது அவனுக்குத் தன் பிழை புலப்பட்டது. பெரிய கங்காணியின் தலைப்பாகை, கோட்டு, குடை, கடுக்கன் ஆகியவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தான். தொழிலாளரைப் பற்றி இருந்தது ஒரே வரி: நாற்பது தலைகள். பெயரைக் கேட்டுச் சிரித்தவன் கணக்கப்பிள்ளை. ஆனால் பெயர் வைக்காது விட்டவன் நடத்துபவனே.

தோட்டத்துக் கூத்து வாத்தியாரிடம் அவன் சென்றது ஆலோசனை கேட்கும் நோக்கத்துடன் அன்று. மனச்சுமையைச் சொல்லி ஆறுவதற்கே. முதியவர் இஸ்தோப்பில் அமர்ந்து முழுக்கதையையும் கேட்டார்.

"தம்பி, எமன் வேசம் கட்டுறவனுக்கு மொதல்ல காப்புக் கட்டுறோம்" என்றார். "வேசம் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு அவனுக்கும் தெரியணும், சனத்துக்கும் தெரியணும். உரு ஏறுனா புடிச்சுக்க ரெண்டு பக்கமும் ஆளு நிக்கிறாங்க. நீங்க காப்புக் கட்டுனீங்களா?"

"இல்லீங்க தாத்தா."

"இன்னொன்னு. ரதி அழுகைய நான் ஒருநாளும் கொறைக்க மாட்டேன். விடிய விடிய அழட்டும். அவ அழுதாத்தான் ஈஸ்வரன் எரிச்சது என்னான்னு வெளங்கும். ஒங்க ஆட்டத்துல அழுகுறதுக்கு யாரு இருந்தா?"

அன்று தொடங்கி மாணவன் மூன்று விதிகளை வகுத்தான். எக்கொடுமைகள் ஆட்டத்தில் இடம்பெறலாம், எவை கூடா என்பதை எல்லோரும் முன்கூட்டியே பேசி உடன்படல் வேண்டும். எவரேனும் டின்னை மூடினால் ஆட்டம் அக்கணமே நிற்கும், காரணம் கேட்கலாகாது. மூன்றாவது விதியே முதன்மையானது. கொடுமை இழைத்தவன், அதற்கு ஆளானவரின் வாயாகச் சிறிது நேரம் பேசுதல் வேண்டும். நாற்பது தலைகளுக்கும் நாற்பது பெயர்கள் எழுதப்பட்டன. எவரெவர் எந்த ஊரிலிருந்து வந்தவர், அவரோடு வந்தவர் யார், வழியில் இறந்தவர் யார் என்பனவும் எழுதப்பட்டன. இவ்வேலையில் நான்காமவனும் வந்து சேர்ந்துகொண்டான். அவனை அழைத்துவந்தவன் தவணை திரட்டுபவனே. இருவரும் என்ன பேசினார்கள் என்பதை மற்றவர்கள் கேட்கவில்லை.

விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடர்ந்தது. கணக்கப்பிள்ளையாக ஆடியவன் இப்போது அந்தப் பத்து வயதுச் சிறுவனாகப் பேசவேண்டியிருந்தது. நெடுநேரம் அவன் வாய் திறக்கவில்லை. பின்னர் சிறுவனாகக் கேட்டான்: "எங்கப்பா எவ்வளவு வாங்குனாருன்னு எழுதியிருக்கீங்களா? படிச்சுக் காட்டுங்க."

விடையளிக்கவேண்டியவனும் அவனே. புத்தகத்தைப் புரட்டினான். இறந்தவன் கைநீட்டி வாங்கிய முன்பணம் பதினெட்டு ரூபாய். எஞ்சிய இருபத்திரண்டும் மூன்று வாரச் சிரிப்பில் அவனது கையெழுத்திலேயே ஏறியவை. அன்று எவரும் சிரிக்கவில்லை. ஆயினும் கணக்கப்பிள்ளை மனந்திருந்திவிடவில்லை. "கணக்குன்னா கணக்குத்தான்" என்று கூறி நாற்பதையும் சிறுவன் பெயரில் எழுதினான். மாணவன் அதைத் தடுக்கவுமில்லை. வேடத்துக்குரிய கொடுமையை அவன் குறையாது ஆடினான். இம்முறை ஒரு பெயரை எழுதி ஆடினான். மாறியது அவ்வளவே. அவ்வளவு மாறியதும் தப்படிப்பவனுக்குச் செயலுக்கு வழி பிறந்தது. பதினெட்டு என்ற எண்ணை அவன் லயந்தோறும் கொண்டுசென்றான். சில வாரங்களில் ஒன்பது பேர் ஓர் இரவில் தோட்டத்தை விட்டு ஓடினார்கள். அவர்களைத் துரத்திய பெரிய கங்காணிக்குச் சீட்டில் இரண்டு விழுந்தது.

மலையகத்தில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் இன்றும் நினைவில் நிற்பதற்குக் காரணம் அவர்கள் எழுதிவைத்த கணக்குகள் அல்ல. அவர்களால் துன்புற்றோர் பாடிய பாடல்களே. தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள மடக்கும்புரவில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அத்தகைய பாடல்களைத் தேடித் தொகுத்தார். கொடியோனின் முகத்தை நமக்குக் காட்டுவது அவனுக்குக் கீழே நின்றவரின் குரல். அக்குரலை நீக்கிவிட்டுக் கொடியோனை மட்டும் மேடையேற்றினால் எஞ்சுவது தலைப்பாகையும் குடையுமே. அவற்றை அணிந்துபார்க்க எவருக்கும் ஆசை எழும். தீய பாத்திரங்களைக் கொண்டு ஆட்டம் நடத்துபவன் தீயோரைத் தளர்த்தவேண்டியதில்லை. ரதியை வாயடைக்காதிருந்தால் போதும்.

விடுமுறை முடிவதற்குள் கதை 1921ஐ எட்டியது. துண்டு முறை ஒழிந்தபோது பெரிய கங்காணி மேசையில் ஓங்கி அறைந்தார். அதிகாரத்தை வேறெவ்வழியில் காக்கலாம் என்று மூவரும் நள்ளிரவு வரை திட்டமிட்டார்கள். வரலாற்றிலும் அவ்வதிகாரம் ஒரு சட்டத்தோடு மறைந்துவிடவில்லை. மாணவன் பேராதனைக்குத் திரும்பினான். நாற்பது பெயர்கள் எழுதிய தாள் நான்காமவனிடம் இருக்கிறது.

தவணை திரட்டுபவன் தன் தொழிலை விடவில்லை. வீட்டுக்கு அவன் சம்பளமே ஆதாரம். திங்கட்கிழமை காலைகளில் மோட்டார் சைக்கிளில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தைக் கடந்து தோட்டங்களுக்குப் போகிறான். குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும், அவர் வாங்கிய தொகையையும், ஏறிய வட்டியையும் தனித்தனியே உரக்க வாசித்த பின்னரே கையொப்பம் கேட்கிறான் என்று நான்காமவனின் தாய் கூறுகிறார். முன்பும் அவ்வாறே வாசித்தானா என்று மகன் கேட்டான். முன்பு தாம் கவனித்ததில்லை என்றார் அவர்.