தொந்தரவில்லாத செடி

நான் குடியிருப்பது ஓர் அடுக்குமாடியின் தரைத்தளத்தில். கூடத்துக்கு ஒரே ஜன்னல், அதுவும் வடக்குப் பார்த்தது. மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். பகல் பதினொரு மணிக்கும் விடைத்தாள் திருத்த விளக்குப் போட வேண்டும். இந்த இருட்டில் துளசி போனது, ரோஜா போனது, செம்பருத்தி ஒரு மொட்டுகூட விடாமல் போனது. மறுபடி நர்சரியில் போய் நின்றபோது கடைக்காரர், மஞ்சள் கரை போட்ட நெடிய இலைகளோடு ஒரு தொட்டியை எடுத்து வைத்தார்.

"இதைக் கொண்டு போங்க மேடம். ஒரு தொந்தரவும் பண்ணாது. வெளிச்சம் கேக்காது, தண்ணி கேக்காது. இருக்கிற இடமே தெரியாது."

எங்கேயோ கேட்ட பேச்சாக இருக்கிறதே என்று வழியெல்லாம் யோசித்தேன். அம்மாவைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வதுதான். அப்பா சொல்வார், ஆச்சி சொல்வாள். தோழிகளிடம் நானும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பாம்புச் செடி என்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு மாமியார் நாக்கு என்றும் பெயர் உண்டு. கூர்மையான எதைப் பார்த்தாலும் ஒரு பெண்ணின் நாக்கு நினைவுக்கு வருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிறந்த இடம் மேற்கு ஆப்பிரிக்கா. சான்சிவேரியா என்று நெடுங்காலம் அழைத்துவிட்டு, 2017இல் டிரசீனா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். கல்யாணமானதும் இனிஷியல் மாறியவர்களுக்கு இது புரியும். நம் ஊரிலும் இதற்கு உறவுண்டு: மருள், பழைய பெயர் மரல். நாருக்கும் வில்லின் நாணுக்கும் உதவியது. கலித்தொகையில் மழை வறண்ட காட்டில் மரையா தின்பது அதைத்தான். பாலை நடத்தும் நாளில் இந்தச் செடியின் ஓர் இலையை வகுப்புக்கு எடுத்துப் போவேன்.

மற்ற செடிகள் பகலில் இலைத்துளை திறந்து மூச்சு வாங்கும். இது வெயிலுக்குப் பயந்து, நீரை மிச்சம் பிடிக்க, இரவில் திறக்கும். (வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். நாசாவின் 1989 ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. நம் வீடுகளுக்குக் கதவும் ஜன்னலும் உண்டு.) வெளிச்சம் குறைந்தால் தாங்கும், உண்மைதான். ஆனால் தாங்குவது வேறு, வேண்டாமென்பது வேறு. இருட்டில் இது வளர்வதே இல்லை என்று சொல்லும்படி மெதுவாக வளரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மண் அடிவரை காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும்.

நான் வாரம் இருமுறை விட்டேன். கேட்காத ஒன்றுக்குக் கொடுக்காமலிருக்க மனம் ஒப்பவில்லை. அதற்கு வேண்டியது தண்ணீரா வெளிச்சமா என்று பார்க்கவும் இல்லை. இலைகள் எப்போதும்போல் பச்சையாக, நிமிர்ந்தே நின்றன. ஒருநாள் தூசி துடைக்கப்போய் ஓர் இலை கையோடு வந்துவிட்டது. அடியில் கொழகொழவென்று அழுகல், நாற்றம்.

அப்போது அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். "தள்ளுட்டி, நான் பாக்கேன்" என்று தொட்டியைக் கவிழ்த்து, குத்தவைத்து உட்கார்ந்து, அழுகின கிழங்கை அறுத்துப் போட்டாள். நல்ல கிழங்கை இரண்டு நாள் நிழலில் காயவைத்து மணல் கலந்த மண்ணில் வைக்கச் சொன்னாள். விழுந்த இலைகளின் நல்ல பகுதியைத் துண்டுபோட்டு மணலில் செருகினாள். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தவள் ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

கர்ப்பப்பை இறக்கம். மருத்துவர் எத்தனை நாளாக என்று கேட்டார்.

"சின்னவன் பொறந்ததுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா."

தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. பிரசவமான மூன்றாம் வாரமே அவள் தண்ணீர்க் குடம் தூக்கியது எனக்கு நினைவிருக்கிறது. பழைய சேலைத் துணியை மடித்து வைத்துக்கொண்டே இத்தனை வருடம் நடந்திருக்கிறாள், சமைத்திருக்கிறாள், என் பிரசவம் பார்த்திருக்கிறாள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பயிற்சியிலோ, உள்ளே பொருத்தும் ஒரு வளையத்திலோ சமாளித்திருக்கலாம் என்றார் மருத்துவர். இப்போது அறுவை சிகிச்சைதான்.

"ஏம்மா சொல்லல?"

"யார்கிட்டச் சொல்ல? நீங்க யாரும் கேக்கலியே."

நான் பெண்ணுடல் பற்றி மூன்று கவிதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன்.

சிகிச்சை முடிந்து அம்மா என்னோடுதான் இருக்கிறாள். செருகிய துண்டுகளில் நான்கு மாதம் கழித்து இரண்டு முளை வந்தன. இரண்டும் முழுப்பச்சை. "கரை எங்கட்டி போச்சு?" என்றாள். இலைத் துண்டிலிருந்து வருவதற்கு அந்த மஞ்சள் கரை வராது, கிழங்கைப் பிரித்து நட்டால்தான் வரும் என்றேன். "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று தொட்டியை ஜன்னலோரம் நகர்த்தினாள். நகர்த்திவிட்டு எதிர்ச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வீடு இருட்டா இருக்குட்டி. எனக்குப் பிடிக்கல. வேற பாரு."

கிழக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்று புரோக்கரிடம் சொல்லியிருக்கிறேன். வாடகை நாலாயிரம் கூட ஆகும் என்கிறார்.