புரவலர் இல்லாத பிள்ளைகள்

எங்கள் ஊர்ப் பைத்துல்மாலின் கல்வி உதவிப் பதிவேடு கணினிக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் கட்டமைப்பில் எழுதப்பட்ட சிறு செயலி அது. மாணவர் ஒரு புறம், அவருக்குப் பொறுப்பேற்ற புரவலர் மறுபுறம். இருவரையும் இணைப்பது 'பிலாங்ஸ் டு' என்னும் ஒற்றை வரி.

கல்வியாண்டின் தொடக்கத்தில் அச்செயலி முரண்டு பிடித்தது. புரவலர் உள்ள மாணவரின் விவரங்கள் தடையின்றிச் சேர்ந்தன. எவரும் இன்னும் பொறுப்பேற்காத பிள்ளைகளின் விண்ணப்பங்கள் மட்டும், புரவலர் இருந்தே ஆக வேண்டும் என்ற செய்தியோடு திரும்பின. உதவி மிகவும் தேவைப்பட்டோரே வாசலில் நிறுத்தப்பட்டனர்.

காரணத்தைக் கண்டறிவது கடினமாக இல்லை. 2016இல் வெளிவந்த ரெயில்ஸ் 5, இவ்விணைப்பு வெறுமையாக இருத்தலாகாது என்பதைப் புதிய இயல்பாக்கியது. செயலியை முன்பு பராமரித்தவர்கள் பதிப்பை உயர்த்தியபோது அவ்வியல்பையும் இயக்கிவிட்டிருந்தனர். ரெயில்ஸைக் குறைகூற முடியாது. வாடிக்கையாளர் பெயரில்லாத கடன் ரசீதை எந்தக் கடைக்காரர்தாம் ஏற்பார்?

'பொதுப் புரவலர்' என ஒரு பெயரைப் பதிந்து எல்லாரையும் அதில் இணைத்துவிடலாமே என்றார் நிர்வாகத்தில் ஒருவர். நாங்கள் இணங்கவில்லை. ஏடு அமானிதம். இல்லாத கொடையாளரை அதில் எழுதிவிட்டால், பிறகு புரட்டுபவர் இப்பிள்ளைகளுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்றே எண்ணுவார்.

அவ்வரியின் இறுதியில் 'ஆப்ஷனல்' என்று குறித்ததும் விண்ணப்பங்கள் சேர்ந்தன. ஆனால் அத்தளர்வுக்குப் பின், இல்லாத புரவலரின் எண்ணைக் கொடுத்தாலும் ரெயில்ஸ் கேள்வி கேட்காது. ஆகவே தரவுத்தளத்திலேயே அயல்திறவுகோல் கட்டுப்பாட்டை இட முனைந்தோம். அது வெற்றிடத்தை ஏற்கும். பொய்யான எண்ணை ஏற்காது.

தரவுத்தளம் மறுத்தது. என்றோ நீக்கப்பட்ட புரவலர்களின் எண்களைச் சில மாணவர்கள் இன்னும் சுமந்துகொண்டிருந்தனர். இத்தகையவற்றைத் துறைமொழியில் அனாதைப் பதிவுகள் என்பர். பலமுறை படித்த சொல்தான். இம்முறை எளிதாகக் கடந்துபோக இயலவில்லை. எண் இருந்தமையால் அவர்கள் புரவலர் அற்றோர் பட்டியலில் ஒருபோதும் இடம்பெற்றதில்லை.

அவ்வெண்களை அழித்து வெற்றிடமாக்கிய பின் கட்டுப்பாடு ஏறியது. இனிப் புரவலர் ஒருவர் நீக்கப்பட்டால் மாணவரின் இணைப்பு மட்டும் வெறுமையாகும்படி 'நல்லிஃபை' என்று அமைத்தோம். அவ்விடத்தில் 'டெஸ்ட்ராய்' என்றிருந்தால் பிள்ளையின் பதிவே அவரோடு அழிந்துபோகும்.

அன்று அச்சான புரவலர் அற்றோர் பட்டியல் முன்னெப்போதையும்விட நீளமாக இருந்தது. அஸருக்குப் பின் அதைப் பொருளாளரிடம் ஒப்படைத்தோம்.