கட்டுச்சோறும் கருவிப் பையும்



தொலைவழிப் பயணம் புறப்படுகின்ற வேளையில் நம் வீட்டுப் பெண்மக்கள் கட்டுச்சோற்றை மறப்பதில்லை. புளிச்சோறும் துவையலும், தண்ணீர்க் குப்பியும், தொழுவதற்கொரு விரிப்பும் கேட்காமலே பையில் ஏறிவிடுகின்றன. ஆனால் நம்மைச் சுமந்து செல்லும் மோட்டார் சைக்கிளுக்கு என்ன கட்டிக் கொடுத்தோம் என்று எவரும் கேட்பதில்லை. நானும் கேட்டவனல்லன். 2017ஆம் ஆண்டின் ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கேட்க வைத்தது.

எனக்கு எழுத்தெண்ணி ஓதக் கற்றுத் தந்த உஸ்தாத் அவர்கள் அதிராம்பட்டினத்தில் வஃபாத்தாகிவிட்டார்கள் என்ற செய்தி, வியாழன் இரவு இஷாவுக்குப் பின் காயல்பட்டினத்தில் எனக்குக் கிடைத்தது. மறுநாள் ஜுமுஆவுக்குப் பின் நல்லடக்கம். இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பேருந்தென்றால் தூத்துக்குடியிலும் இராமநாதபுரத்திலும் அதற்கப்பாலும் மாறி மாறி ஏற வேண்டும். ஆதலால் பத்தாண்டு உழைத்த என் ஸ்பிளெண்டரிலேயே செல்வதென முடிவு செய்து, சின்னம்மா மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு அதிகாலை மூன்றரைக்குப் புறப்பட்டேன். பெட்ரோல் நிறைந்திருந்தது, காற்றும் சரியாக இருந்தது. அவ்வளவே என் ஆயத்தம்.

ஆத்தூரை அடுத்துத் தாமிரபரணிப் பாலத்தைக் கடந்தால் பழையகாயல் வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ புகழ்ந்த காயல் துறைமுகம் அவ்விடமே என்பர். இருளில் எதுவும் தெரியவில்லை. தூத்துக்குடி உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, வேம்பாரை நெருங்குகையில் சுபுஹு நேரமாயிற்று. சாலையோரப் பள்ளியில் தொழச் சென்றபோது, வண்டியை மரத்தடியில் நிறுத்தினேன். அங்கேதான் தவறினேன். அது சீமைக்கருவேல மரம். தொழுது திரும்பினால் பின்சக்கரம் தரையோடு தரையாகப் படிந்திருந்தது.

முள் டயரைத் துளைத்து டியூபில் ஏறியிருந்தது. கையில் பம்பு இல்லை. ஒட்டுவதற்கு ஒட்டுத்துண்டு இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், பூட்டிக் கிடந்த பஞ்சர் கடையின் வாசலில் ஒன்பது மணி வரை அமர்ந்திருந்தோம். கடைக்காரர் வந்து வேலையை முடித்தது அரை மணி நேரத்தில். அந்த அரை மணி வேலைக்காக மூன்றரை மணி நேரத்தை இழந்தோம். அதன் பின்னரும் நம்பிக்கை இருந்தது. தொண்டியைக் கடந்து சற்றுத் தொலைவில், வளைவொன்றில் கிளட்சைப் பிடித்தபோது ஒயர் அறுந்து கைப்பிடி தொங்கிவிட்டது. முஸ்லிம்கள் மிகுந்த கரை; வெள்ளிக்கிழமை; ஜுமுஆ நேரம். கடைகளெல்லாம் அடைத்திருந்தன. அடைத்தவர்களைக் குறை சொல்ல இயலுமா? நான்தானே அப்படி அடைக்கச் சொல்லிப் பயான் செய்பவன்!

அதிராம்பட்டினத்தை அடைந்தபோது அஸர் பாங்கு ஒலித்தது. கப்ரின் மீது தெளித்த நீர்கூடக் காய்ந்திருந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் அடக்கத்திற்குப் பின் கப்ரருகே நின்று ஜனாஸாத் தொழுகை தொழ இடமுண்டு, தொழுதோம். ஆனால் அந்த முகத்தை இறுதியாக ஒருமுறை காணும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. பஞ்சர் ஒன்றோடு போயிருந்தால் மையவாடியிலாவது போய்ச் சேர்ந்திருப்பேன் என்ற எண்ணம் இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை.

அதன் பிறகுதான் எங்களூர் மெக்கானிக் ஒருவரின் கடையில் பல மாலைகள் அமர்ந்து, பாடம் கேட்கும் மாணவனாகக் கற்றுக்கொண்டேன். கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் சொன்ன முதல் விதி எனக்கு வியப்பளித்தது. புது ஒயரை வாங்கிப் பையில் வைக்காதீர்கள் என்றார். புதியதை வண்டியில் மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பழுதில்லாத பழையதைப் பையில் வைக்க வேண்டுமாம். பழையது இந்த வண்டிக்குப் பொருந்தும் என்பது முன்பே உறுதியாகிவிட்டது. புதியதன் நீளமும் முனையும் சரிதானா என்பதை நடுவழியில் சோதிக்கக் கூடாது. இன்னும் முன்னெச்சரிக்கை உடையவர்கள் இரண்டாவது கிளட்ச் ஒயரை முதலாவதன் பக்கத்திலேயே செலுத்தி, இரு முனைகளையும் டேப் சுற்றி வைத்துவிடுகிறார்கள். அறுந்தால் முனைகளை மாற்றினால் போதும். ஆக்சிலேட்டர் ஒயருக்கும் இது பொருந்தும்.

அடுத்தது டியூப். என் வண்டியில் முன்னும் பின்னும் 2.75-18 என்ற ஒரே அளவு. ஆதலால் ஒரு டியூபே இரண்டிற்கும் ஆகும். முன்னும் பின்னும் அளவு மாறும் வண்டி வைத்திருப்போர் இரண்டு எடுக்க வேண்டும். டியூபை ஸ்பேனர்களோடு சேர்த்துத் திணித்தால் அதிர்வில் உரசி, பையினுள்ளேயே ஓட்டை விழும். பவுடர் தூவித் துணியில் சுருட்டி வைப்பது முறை. இரண்டு டயர் லிவர், கால் பம்பு, ஒட்டுத்துண்டுகள், சொல்யூஷன், உப்புத்தாள் ஆகியவையும் உடன் இருக்கட்டும். ஒருமுறை திறந்த சொல்யூஷன் சில மாதங்களில் உலர்ந்துபோகும். பயணத்திற்கு முன் புதியது வாங்குங்கள். உப்புத்தாளால் டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பின்னரே ஒட்ட வேண்டும். பொறுமையற்றவன் ஒட்டியது பத்து கிலோமீட்டரில் பெயர்ந்துவிடும். காற்றேற்றும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்து, உடைந்த முள்முனையை எடுக்கவும் மறவாதீர். மறந்தால் புது டியூபும் பழைய கதையாகும்.

சிறு ஓட்டையாயின் சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை நெம்பி டியூபை இழுத்து ஒட்டிவிடலாம். டியூபையே மாற்றுவதென்றால் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். அப்போது அச்சு நட்டுக்குரிய பெரிய ஸ்பேனர் கையில் இல்லாவிடில் ஏனைய கருவிகள் அனைத்தும் வீண். வண்டியோடு தரும் சிறு கருவிகளை நம்பிப் புறப்படாமல், வீட்டு முற்றத்தில் ஒருமுறை அவற்றைக் கொண்டே பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். எது இல்லை என்பது அப்போது விளங்கிவிடும். நான் அப்படிச் செய்த நாளில், அச்சை உருவியபோது பிரேக் பக்கத்துச் சிறு புஷ் மணலில் உருண்டு மறைந்தது. அதைத் தேட என் இளைய மகளின் கண்கள் வேண்டியிருந்தன. அன்று முதல் ஒரு பழைய வேட்டித் துண்டும் பையில் உண்டு. கழற்றியவற்றைக் கழற்றிய வரிசையில் அதன்மீது பரப்பி வைப்பேன்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். ஸ்பார்க் பிளக் ஒன்றும் அதன் ஸ்பேனரும்; செயின் லாக் ஒன்று (அதன் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்க வேண்டும்); பியூஸ் இரண்டு; முகப்பு விளக்கு பல்பு; காட்டர் பின்; கட்டிங் பிளேயர்; கட்டுக்கம்பி; இன்சுலேஷன் டேப்; சிறிய டார்ச்; அரை லிட்டர் எஞ்சின் ஆயில். கடற்கரைச் சாலையில் உப்புக் காற்றும் மணலும் செயினை விரைவில் அரிப்பதால், ஓட்டம் முடிந்து சூடு ஆறுமுன் எண்ணெய் விடுவது நலம்.

டியூப் இல்லாத டயர் உடையோர் துளையில் செருகும் ரப்பர் திரியையும் அதன் ஊசியையும் எடுத்தால் போதும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. அவற்றின் எரிபொருள் அமைப்பைச் சாலையோரத்தில் நாம் பிரித்து ஆராய்வது ஆபத்து. பேட்டரியை முன்கூட்டியே சோதித்துக்கொள்வதுதான் அங்கே நம்மால் ஆவது.

இவ்வளவும் தவக்குலுக்கு மாறானதன்றோ என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம், பயணத்திற்கு வேண்டியதைச் சேகரித்துக்கொள்ளுமாறு ஹஜ் பயணிகளுக்குக் கட்டளையிடுகிறது. யமன் நாட்டார் சிலர், தாங்கள் அல்லாஹ்வையே சார்ந்திருப்பவர்கள் என்று கூறி வெறுங்கையோடு புறப்பட்டு, மக்காவில் மக்களிடம் கேட்டு நின்ற நிலையில் அது அருளப்பட்டதென இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியில் வந்துள்ளது. தக்வாவே மேலான கட்டுச்சோறு என்பதும் அதே வசனத்தில் உண்டு. ஒன்றைக் கூறி மற்றொன்றைக் கைவிடும்படி அங்கே சொல்லப்படவில்லை என்று அவருக்கு விளக்கினேன்.

மறு ஆண்டு உஸ்தாதின் குடும்பத்தாரைக் காண அதே சாலையில் மீண்டும் சென்றேன். இம்முறை பை நிறைந்திருந்தது. முள் மரத்தடியில் நிறுத்தவுமில்லை. என் வண்டிக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஆனால் சாயல்குடிக்கு இப்பால், உடை மரங்கள் நிறைந்த வெளியில், இளைஞர் ஒருவர் தம் உம்மாவோடு வண்டியருகே திகைத்து நின்றார். இராமநாதபுரம் மருத்துவமனையில் அவர்தம் வாப்பாவுக்கு அன்று அறுவை சிகிச்சை. டியூபின் வால்வு அடியோடு கிழிந்திருந்தது, ஒட்டினால் நிற்காது.

“காக்கா, எங்க வண்டிக்கு இது சேருமா?” என்று அவர் தயங்கினார்.

அளவைப் பார்த்தேன், 2.75-18 தான். வேட்டித் துண்டை விரித்து, இருவருமாகச் சக்கரத்தைக் கழற்றி, முக்கால் மணி நேரத்தில் மாற்றி முடித்தோம். அந்த அம்மா குடையை எங்கள் தலைக்கு மேல் பிடித்தபடியே நின்றார். பணத்தை நான் வாங்கவில்லை. அவர்கள் எனக்கு முன்னே சென்று மறைந்தார்கள். மீதி வழி முழுவதும் தரையையே பார்த்தபடி மெல்ல ஓட்டி, இராமநாதபுரத்தில் முதல் வேலையாக வேறொரு டியூப் வாங்கிப் பவுடர் தூவிச் சுருட்டி வைத்தேன்.