கடலிற் சிற்றுயிர்களின் இறப்பு

இரணியலில் வாழும் எனக்கு மண்டைக்காட்டுக் கடற்கரை அண்மையது. தென்மேற்குப் பருவத்தில் அடிநீர் மேலெழுந்து வளம் சேர்க்கும் அக்கடலில், மிதவை விலங்குகள் பல்கிப் பெருகும். கூனியினும் சிறிய துடுப்புக்காலிகளே அவற்றுட் பெரும்பாலன. நெத்திலியும் மீன்குஞ்சுகளும் அவற்றை உண்டு வளர்வன.

அவை மீன்வாயில் மட்டுமே மடியும் என எண்ணற்க. முதிர்ந்த துடுப்புக்காலிகளின் இறப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கேனும் பசி, நோய், ஒட்டுண்ணி போன்றவற்றால் நேர்வது என 2002-இல் ஆய்வாளர் கணித்தனர்.

வலையில் வருவனவற்றுள் பிணம் எது, உயிர் எது? செஞ்சாய நீரில் இட்டால் உயிருள்ளவை சிவக்கும். இறந்தவை வெளுத்தே கிடக்கும். நாணமும் உயிருக்கே உரியதன்றோ! பிணங்களையும் கூட்டி எண்ணின், இல்லாத வளம் இருப்பதாய்த் தோன்றும். அக்கணக்கை நம்பி மீன்வரவைக் கூறின், வெறும் வலையோடு கரை திரும்புவோர் குளச்சல் மீனவரே. எண்ணப்படாத அவ்வுடல்களோ மெல்ல ஆழத்தில் இறங்கி, ஆங்குள்ள உயிர்களுக்கு இரையாகின்றன.